உறுப்புக்கு ஒரு விலை, வாரத்துக்கு ஒரு முத்திரை

‘கம்பெனி காசு கொடுத்தது.’

மில்லிலோ ரயில்வேயிலோ தேயிலைத் தோட்டத்திலோ உழைத்த முன்னோர் இருந்த வீடுகளில், விபத்துக் கதை பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடு நின்றுவிடும். தாத்தாவின் விரல் எந்த மெஷினில் போனது என்பது நினைவிருக்கும். யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதும் நினைவிருக்கும். எவ்வளவு காசு, அது யார் கைக்கு வந்தது, எதன் பேரில் வந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும். முதலாளியின் இரக்கமாகவே அந்தப் பணம் வீட்டு நினைவில் படிந்திருக்கும்.

குடும்ப வரலாறு தேடுகிறவர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த வாக்கியத்தைத்தான். அந்தக் காசுக்குப் பின்னால் இரண்டு சட்டங்களில் ஒன்று இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று, 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். மற்றொன்று, இ.எஸ்.ஐ. என்று எல்லார் வாயிலும் வழங்கும், 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். இரண்டும் ஒரே துயரத்துக்கு மருந்து தேடியவை. ஆனால் மனிதனை அளக்க இரண்டும் எடுத்த அளவுகோல் வேறு. முதல் சட்டம் உறுப்பை எண்ணியது. இரண்டாவது சட்டம் வாரத்தை எண்ணியது. அதனால்தான் அவை விட்டுச்சென்ற காகிதங்களும், அந்தக் காகிதங்களில் தெரியும் தாத்தாக்களும் வேறு வேறாக இருக்கிறார்கள்.

வந்த வழி

இரண்டுக்கும் முன்பு இருந்தது 1855-ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டம். பிறர் தவறால் ஒருவர் இறந்தால் குடும்பம் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்றது அது. ஆனால் தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்கும் சுமை குடும்பத்தின் தலையில். கூலிக்காரரின் மனைவி வக்கீல் வைத்து மில் முதலாளியை எதிர்த்து நிற்பது ஏட்டளவில்தான் சாத்தியம்.

பிரிட்டன் இந்தச் சிக்கலை இரண்டு படிகளில் அவிழ்த்தது. 1897-இல் வந்த சட்டம், வேலையில் அடிபட்டால் தவறு யாருடையது என்று தோண்டாமல் முதலாளி ஈடு தர வேண்டும் என்றது. 1911-இல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம், தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் போடும் பொது நிதியை உண்டாக்கியது. 1912 ஜூலை முதல் அங்கே தொழிலாளரின் அட்டையில் வாராவாரம் முத்திரை ஒட்டினார்கள்.

இந்தியாவும் அதே இரண்டு படிகளில்தான் ஏறியது; ஆனால் இடைவெளி நீண்டது. 1923-இல் நிறைவேறிய நஷ்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நோய்க்கும் காப்பீடு வேண்டும் என்ற பேச்சு 1931-இல் ராயல் தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கையிலேயே எழுந்தது. திட்டம் வரைய பி. பி. அதார்க்கர் 1943-இல் நியமிக்கப்பட்டார். 1944-இல் அறிக்கை தந்தார். சட்டம் 1948 ஏப்ரலில் வந்தது. கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது 1952 பிப்ரவரி 24 அன்று. தமிழ்நாட்டில் முதலில் கோயம்புத்தூருக்கு, 1955-இல், வந்து சேர்ந்தது.

கடைசியாகச் சொன்ன ஆண்டைத் தேடுகிறவர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் 1948 என்பதால் 1950-இல் கோவை மில்லில் கை நசுங்கியவருக்கு இ.எஸ்.ஐ. காகிதம் இருக்கும் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் இன்னும் 1923-இன் ஆள். இ.எஸ்.ஐ. ஊர் ஊராக அறிவிக்கப்பட்டு நகர்ந்த திட்டம். நம் ஊருக்கு அது எந்த ஆண்டு வந்தது என்பதே முதல் கேள்வி.

யார் மடியிலிருந்து?

1923 சட்டத்தில் பொறுப்பு முழுவதும் முதலாளியுடையது. தொழிலாளி ஒரு பைசாகூடக் கட்டவில்லை. வேலையின் காரணமாக, வேலையின் போது விபத்து நேர்ந்தது என்றால் முதலாளி பணம் தர வேண்டும். இந்தப் பாரத்துக்கு அஞ்சி, தனியார் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் பாலிசி எடுத்துவைத்த முதலாளிகளும் உண்டு. ஆக, ‘கம்பெனி காசு கொடுத்தது’ என்பதில் வரும் கம்பெனி, மில் கம்பெனியா இன்ஷூரன்ஸ் கம்பெனியா என்பதே ஒரு கேள்வி.

இறப்பு நேர்ந்தால் சட்டம் இன்னும் கண்டிப்பாக இருந்தது. முதலாளி பணத்தை நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது. நஷ்டஈட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும்; வாரிசுகளுக்குப் பிரித்துத் தருவது அவர் வேலை. சிறு முன்பணம் போன்ற விலக்குகள் நீங்கலாக, நேரில் கொடுத்த பணம் சட்டத்தின் கண்ணில் நஷ்டஈடே ஆகாது. ‘மானேஜர் வீட்டுக்கே வந்து பாட்டி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்’ என்ற கதையை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அது நஷ்டஈட்டுக்கு மேலே கொடுத்த தனி உதவியாக இருக்கலாம். சட்டத்தைத் தாண்டி வாயை அடைத்த சமாதானமாகவும் இருக்கலாம். ஆணையர் அலுவலகத்துக் காகிதம் எதுவும் இல்லாமல் இந்தக் கதை மட்டும் இருந்தால், இரண்டாவதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இ.எஸ்.ஐ.யில் பணம் வருவது, திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்து. அந்த நிதியில் முதலாளியின் பங்கோடு தொழிலாளியின் கூலியில் பிடித்த பங்கும் சேர்ந்திருந்தது. தினக்கூலி ஒரு ரூபாய்க்கும் குறைவாக வாங்கியவர்களிடம் மட்டும் பிடித்தம் இல்லை. ஆகவே 1955-க்குப் பிந்தைய கோவையில், காய்ச்சலில் படுத்தவர் வாங்கிய பணத்தைக் ‘கம்பெனி கொடுத்தது’ என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அதில் அவருடைய சொந்தக் காசும் இருந்தது.

உறுப்பின் கணக்கு

1923 சட்டத்தின் முதல் அட்டவணையை அதன் தொடக்க வடிவில் படிக்கையில் உடம்பு கூசும். எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போகிறது என்ற பட்டியல் அது. வலது கை முழங்கைக்கு மேல் போனால் 70. இடது கை என்றால் 60. முழங்காலிலோ அதற்கு மேலோ கால் போனால் 60. ஒரு கண் 30. கட்டைவிரல் 25. ஆள்காட்டி விரல் 10. மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. இடது கைப் பழக்கம் உள்ளவரைப் பற்றி அட்டவணை கவலைப்படவில்லை.

இதைப் பணமாக மாற்றினால் அந்தக் காலம் கண்முன் நிற்கும். தொடக்கத்தில், வயது வந்தவர் இறந்தால் முப்பது மாதக் கூலி, 2,500 ரூபாய்க்கு மிகாமல். வேலைக்கே லாயக்கில்லாமல் முடங்கினால் 42 மாதக் கூலி, 3,500 ரூபாய்க்கு மிகாமல். மாதம் 20 ரூபாய் வாங்கியவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் இறந்தால் 600 ரூபாய். முற்றிலும் முடங்கினால் 840. வலது கையை முழங்கைக்கு மேல் இழந்தால் 840-இல் 70 சதவீதம், அதாவது 588. ஒரு கைக்கும் ஓர் உயிருக்கும் இடையே 12 ரூபாய்தான் வித்தியாசம். சிறுவிரல் என்றால் 42 ரூபாய். இரண்டு மாதக் கூலியும் கொசுறும்.

உயிரைவிட முடக்கத்துக்கு ஏன் கூடுதல் விலை? இறந்தவருக்குச் சோறு வேண்டாம், முடங்கியவருக்கு வேண்டும். சட்டம் இவ்வளவு அப்பட்டமாகக் கணக்குப் போட்டது.

தேடுகிறவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாகவும் உதவும். வீட்டு நினைவில் ‘அறுநூறு ரூபாய் வந்தது’ என்று ஓர் எண் மட்டும் தங்கியிருந்தால், இறப்புக்கு வந்த பணம் என்ற பட்சத்தில், முப்பதால் வகுத்தால் கூலி கிடைக்கும். கூலி தெரிந்தால், அவர் சாதாரணக் கூலியா, கைத்தொழில் தெரிந்தவரா, மேஸ்திரியா என்பதை ஊகிக்கலாம். 1933-இல் சட்டம் திருத்தப்பட்டுக் கூலி வாரியாக அட்டவணைத் தொகைகள் வந்தன. எனவே இந்த வகுத்தல் முதல் பத்தாண்டுக்குத்தான் பொருந்தும்.

வயதையும் இங்கே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அன்றைய சட்டத்தில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மைனர். மைனர் இறந்தால் ஒரே தொகை: 200 ரூபாய். மாதம் 12 ரூபாய் வாங்கிய பையனுக்கு வயது 15 என்றால் 360 ரூபாய். 14 என்றால் 200. பிறப்புச் சான்று இல்லாத காலத்தில், கோப்பில் எழுதிய வயதுக்குப் பின்னால் 160 ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதை எழுதச் சொன்னவர் யார் என்று கேட்காமல் அதை வம்ச மரத்தில் ஏற்றக் கூடாது.

வாரத்தின் கணக்கு

இ.எஸ்.ஐ. தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. வாரத்துக்கு ஒரு முத்திரை. அந்த வாரத்தில் ஒரு நாளாவது கூலி இருந்தால் முத்திரை உண்டு. கூலியே இல்லை என்றால் கட்டம் வெறுமையாக இருக்கும். வேலைநிறுத்தம், கதவடைப்பு, ஊருக்குப் போன அறுவடைக் காலம் என்று ஒரு மனிதனின் ஆண்டு அந்த வெற்றுக் கட்டங்களில் தெரியும். ஆள் வராத நாளில் மட்டும் வேலை கிடைத்த பதிலித் தொழிலாளியின் அட்டை, நிரந்தரத் தொழிலாளியின் அட்டையைப் போல நிறைந்திருக்காது.

ஆனால் அந்த அட்டை வீட்டுப் பெட்டியில் கிடைப்பது அரிது. அது முதலாளியிடம் இருந்தது. பங்களிப்புக் காலம் முடிந்ததும் கழகத்துக்குப் போனது. தொழிலாளியின் கையில் தங்கியது காப்பீட்டு எண் போட்ட அடையாள அட்டை. மருந்தகத்துக்கு அதைத்தான் எடுத்துப்போவார். மருத்துவர் எழுதிய சான்றைக் கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம். முதலில் இருந்த விதிப்படி நோய்க்கு ஆண்டில் 56 நாள் வரை, கூலியில் ஏறத்தாழ பாதி கிடைத்தது.

இரண்டு சட்டங்களையும் அருகருகே வைக்கும்போது பெரிய வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. 1923-இன் காகிதத்தில் ஒருவர் நுழைய வேண்டுமானால் அவருக்கு அடிபட வேண்டும். அடிபடும்போதும் லேசாக அடிபட்டால் போதாது. வேலை செய்ய முடியாமல் பத்து நாளுக்கு மேல் போக வேண்டும் என்றது தொடக்க விதி. அதாவது, முப்பது ஆண்டு ஒரு கீறலும் இல்லாமல் நூல் நூற்றவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் பிறக்கவே இல்லை. இ.எஸ்.ஐ.யிலோ வேலைக்குச் சேர்ந்ததுமே ஒருவருக்கு எண் கிடைத்தது. காய்ச்சலும் பிரசவமும்கூடக் காகிதத்தில் ஏறின. முதலாவது, வாழ்க்கையின் மிக மோசமான ஒரு நாளை உற்றுப் பார்த்தது. இரண்டாவது, பெயர் சொல்லும்படி எதுவும் நடக்காத வாரங்களையும் பதிந்தது.

குடும்பம் என்று யாரை எழுதினார்கள்?

ஆழத்தில் 1923 வெல்லும் இடம் இது. ஒருவர் இறந்ததும் ஆணையர் கேட்ட கேள்வி: அவரை நம்பி இருந்தவர்கள் யார் யார்? 1933 திருத்தம் அவர்களை இரண்டு வரிசையாகப் பிரித்தது. விதவை மனைவி, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் இறந்தவரின் சம்பாத்தியத்தை நம்பி இருந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை. தகப்பனார், மைனர் தம்பி, மணமாகாத தங்கை, விதவை மருமகள், இறந்த மகனின் மைனர் குழந்தை, பெற்றோர் இல்லாத நிலையில் தந்தைவழிப் பாட்டன் பாட்டி, திருமணத்துக்கு வெளியே பிறந்த மைனர் பிள்ளைகள் ஆகியோர் நிரூபித்தால் பங்கு பெறலாம்.

எந்தக் குடும்பமும் தன் வாயால் சொல்லாத விவரங்கள் இங்கே வெளிவரும். சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது 1949-இல். அதற்கு முந்தைய கோப்பில் இரண்டு விதவைகள் பங்கு கேட்டிருக்கலாம். வீட்டில் ‘சின்னம்மா’ என்று மட்டும் அறியப்பட்டவர் அங்கே மனைவி என்று நிற்கலாம். பெண்ணுக்கோ மைனருக்கோ வர வேண்டிய தொகையை முதலீடு செய்துவைக்க ஆணையருக்கு அதிகாரம் இருந்தது. தாய் குழந்தைகளைக் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் பங்கீட்டையே மாற்றலாம். ஆகவே ஒரே நாளில் முடிந்த காகிதம் என்று நினைத்தது, கடைசிப் பிள்ளை மேஜராகும் வரை தொடர்ந்திருக்கவும் கூடும்.

இ.எஸ்.ஐ.யில் மொத்தத் தொகைக்குப் பதில் தொடர்ந்து வரும் உதவித்தொகை. வேலை விபத்தில் இறந்தவரின் விதவைக்கு, முடக்கத்துக்குத் தரும் முழு விகிதத்தில் ஐந்தில் மூன்று பங்கு, வாழ்நாள் வரை அல்லது மறுமணம் வரை. பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு. கூட்டினால் முழு விகிதத்தை மிஞ்சும்போது எல்லாருக்கும் குறைத்துக்கொடுப்பார்கள். மறுமணம் செய்தால் பணம் நிற்கும் என்ற விதி, சில வீடுகளில் திருமணத்தைத் தள்ளிப்போட்டிருக்கும். சிலவற்றில் மறைக்கவும் வைத்திருக்கும். மறுமணத் தேதியைத் தேடித் திணறுகிறவர், பணம் நின்ற மாதத்தையும் ஒரு சாட்சியாகக் கொள்ளலாம்.

இன்னொன்று. தொடக்கத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொழிலாளிக்கு மட்டும். மனைவி மக்களுக்கு அது பிறகுதான் நீண்டது. எனவே தொடக்க காலக் காகிதத்தில் பாட்டியின் பெயர் தென்படவில்லை என்றால், அவர் அப்போது குடும்பத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

யார் விடுபட்டார்கள்?

அகலத்தில் எது வென்றது என்று பார்த்தால் விடை எதிர்பாராதது. பின்னால் வந்த, நவீனமான சட்டம்தான் தொடக்கத்தில் குறுகியது. மின்சாரம் போன்ற விசையில் ஓடும், 20 பேருக்குக் குறையாத, ஆண்டு முழுதும் நடக்கும் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே அது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாங்கியவரும் வெளியே. சுரங்கம் அதில் இல்லை. ரயில் எஞ்சின்கள் நிறுத்தும் ஷெட் இல்லை. தோட்டம் இல்லை.

1923 சட்டமோ தொழிற்சாலை, ரயில்வே, சுரங்கம், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை என்று தொடக்கத்திலேயே விரிந்திருந்தது. 1933 திருத்தம் 25 பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களையும் உள்ளே இழுத்தது. வால்பாறையிலோ நீலகிரியிலோ கொழுந்து பறித்தவரின் பேரன் இ.எஸ்.ஐ. அட்டையைத் தேடுவது வீண். அவர் பார்க்க வேண்டியது 1923-இன் வழி. கடல் கடந்து இலங்கை மலைநாட்டுக்குப் போன குடும்பங்களுக்கு அங்கே 1934-இல் இயற்றப்பட்ட நஷ்டஈட்டுச் சட்டம் இருந்தது. அது வேறு நாட்டு ஆவணம், வேறு தேடல்.

இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் விபத்து உதவி பெறும் உரிமை உள்ளவர் அதே காயத்துக்கு 1923 சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது. கோவையில் ஒரே மில்லில் அண்ணன் 1953-இலும் தம்பி 1957-இலும் அடிபட்டிருந்தால், ஒருவர் ஆணையரின் கோப்பிலும் மற்றவர் கழகத்தின் ஏட்டிலும் இருப்பார்கள்.

எங்கே கைவைப்பது?

ஊர், வேலையிடம், ஆண்டு: இந்த மூன்றும் தெரிந்தால்தான் எந்தச் சட்டம் என்பது முடிவாகும். பிறகே ஆவணக் காப்பகத்தின் படியேற வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நஷ்டஈட்டுச் சட்டம் நடந்த விதம் பற்றிய மாகாண ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவற்றில் பெயர்களைவிட எண்களே அதிகம் இருக்கும். ஆனால் தாத்தாவின் ஆண்டில் எப்படிப்பட்ட விபத்துகள் நடந்தன என்ற பின்புலத்தைத் தரும்.

பெயரோடு கிடைக்கும் இடம் பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: சட்ட இதழ்கள். ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து, தொகை 300 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், சட்டப் பிரச்சினைக்காக உயர் நீதிமன்றம் போகலாம் என்பது அன்றைய விதி. ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ போன்ற இதழ்களில் அத்தகைய தீர்ப்புகள் அச்சாயின. வீடு கட்டிய பத்திரமோ நிலப் பட்டாவோ இல்லாத ஒரு கூலிக்காரரின் பெயரும், அவர் எந்த மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்பதும் நூலகத் தட்டில் அச்செழுத்தில் இருக்க முடியும். வேலையின் போதுதான் நேர்ந்ததா என்று இரு தரப்பும் வாதாடியதால் வந்த நன்மை அது. வழக்கு நீண்டால் குடும்பம் வாடும்; ஆனால் வரலாற்றுக்கு ஒரு பக்கம் கூடும்.

இ.எஸ்.ஐ. பக்கம் அப்படியான நாடகம் குறைவு. அங்கே வீடுதான் முதல் காப்பகம். ரேஷன் கார்டுக்கும் மில் சர்வீஸ் சான்றுக்கும் நடுவே செருகிக் கிடக்கும் அடையாள அட்டையில் தகப்பன் பெயரும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் மேலே கேட்க முடியும். பதிலியாகச் சேர்ந்தவர் வேறொருவர் பெயரில் வேலை பார்த்ததும், வேலைக்காக வயதைக் கூட்டிச் சொன்னதும் உண்டு என்பதால், அட்டையில் இருக்கும் பெயரையும் வயதையும் வீட்டுப் பெரியவர்களின் நினைவோடு உரசிப் பார்க்க வேண்டும்.

இரண்டு சட்டங்களின் நிலையும் இன்று மாறிவிட்டது. ‘வொர்க்மென்’ என்று ஆண்பாலில் இருந்த 1923 சட்டத்தின் ஆங்கிலப் பெயர் 2010-இல் ‘எம்ப்ளாயீஸ்’ என்று ஆனது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இரண்டையும் ஒரே நூலுக்குள் அடக்கியது. நம் முன்னோரின் காகிதங்களோ இன்னும் தனித்தனியாகத்தான் கிடக்கின்றன.

விபத்து நடந்த வீட்டுக்கு 1923-இன் கோப்பு அதிகம் சொல்லும். விபத்தே நடக்காத வீட்டுக்கு அட்டையின் எண் மட்டுமாவது சொல்லும். இரண்டில் எது கிடைத்தாலும், பழைய வாக்கியம் பழையபடி நிற்காது. 1923-இன் காகிதம் கிடைத்தால், கம்பெனி கொடுத்தது என்பது, கம்பெனியிடம் சட்டம் வாங்கிக்கொடுத்தது என்று மாறும். இ.எஸ்.ஐ. எண் கிடைத்தால், தாத்தாவின் காசும் அதில் சேர்ந்திருந்தது என்று மாறும். வம்ச மரத்தில் அவர் பெயருக்கு நேரே எந்த வாக்கியத்தை எழுதுவது என்பது, கையில் இருப்பது எந்தக் காகிதம் என்பதைப் பொறுத்தது.